முந்தியது எது? மர வளையங்களும் திடீர்க் காலநிலை மாற்றங்களும்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பைன் மரத் துண்டு பல ஆண்டுகளாக என் மேசையில் இருக்கிறது. குறுக்காக அறுத்து, முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு படிப்படியாக நைசான உப்புத்தாளாலும் தேய்த்து வழவழப்பாக்கிய துண்டு அது. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மரவளைய ஆய்வாளர்கள் செய்வதைப் போலவே பத்து வளையங்களுக்கு ஒரு புள்ளியும் ஐம்பதுக்கு இரண்டு புள்ளிகளும் ஊசியால் குத்தி, முதன்முறை அதன் வளையங்களை எண்ணியபோது 87 வந்தது. மறுநாள் அதே துண்டை எதிர்ப் பக்கமாகத் திருப்பி, நடுவிலிருந்து பட்டை வரை மீண்டும் எண்ணினேன். இம்முறை 84. கவனக்குறைவு என்று நினைத்து மூன்றாம் முறை எண்ணினேன். இரண்டு பக்கமும் அதே எண்களைத்தான் தந்தன. பிறகு ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு துண்டைச் சுற்றிலும் ஊசி முனையை நகர்த்திப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அடுத்தடுத்திருந்த மூன்று வளையங்கள் ஒரு பக்கத்தில் தெளிவாக இருந்து, சுற்றி வரவர மயிரிழையாக ஒடுங்கி, மறுபக்கத்தில் இல்லாமலே போயிருந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் அந்த மரத்துக்கு அவ்வளவு கடினமானவையாக இருந்திருக்கின்றன. தண்டு முழுவதையும் சுற்றி ஒரு புதிய அடுக்கு மரம் போர்த்திக்கொள்ள அதனிடம் வலு இல்லை.

மர வளையங்களைப் பற்றி நான் வாசித்த எதையும்விட அந்த மூன்று ஆண்டுப் பிழை எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. மரத்தின் வயதை வளையத்தை எண்ணிச் சொல்லிவிடலாம் என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை. ஆனால் ஒரே மரத்தை நம்பி எண்ணினால் அது உண்மையுமில்லை. அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை. கடந்த காலத்தில் காலநிலை மெல்ல மெல்ல மாறியதோடு நிற்கவில்லை. சில சமயங்களில் ஒரு மனித ஆயுளுக்குள், சில சமயங்களில் ஓரிரு ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறியிருக்கிறது. அப்படிப்பட்ட மாற்றத்துக்குக் காரணம் தேடும்போது முதலில் தெரிய வேண்டியது, எது முந்தியது, எது பிந்தியது என்பதுதான். காலக்கணக்கில் நூறு ஆண்டுப் பிழை இருக்குமானால், காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்லிவிட முடியும். அப்படிச் சொல்லப்பட்டும் இருக்கிறது.

வளையம் உண்டாகும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய திசு அடுக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் உறங்கும் இவ்வடுக்கு வசந்தத்தில் விழித்து, அகன்ற வாயும் மெல்லிய சுவரும் கொண்ட செல்களை உட்புறமாக அடுக்குகிறது. கோடை முடியும் தறுவாயில் சிறிய, தடித்த சுவர் கொண்ட செல்களை அடுக்குகிறது. முன்னது வெளிர் நிறம், பின்னது கருமை. கருமையிலிருந்து மறுபடி வெளிர் நிறத்துக்குத் தாவும் அந்தக் கூர்மையான கோடுதான் ஓர் ஆண்டின் எல்லை. மழை குறைந்த இடத்து மரத்துக்கு வறண்ட ஆண்டு ஒடுங்கிய வளையமாகப் பதியும். மலையுச்சியிலும் துருவத்தை ஒட்டியும் வளரும் மரத்துக்குக் குளிர்ந்த கோடைதான் ஒடுங்கிய வளையம். வெளியே வைரம் பாய்ந்தவை புல், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம் என்று நம் பழைய இலக்கணம் பிரித்தது இங்கே வியப்பூட்டும்படி பொருந்துகிறது. தென்னை, பனை, மூங்கில் ஆகியவற்றில் கேம்பியம் இல்லை, ஆகவே ஆண்டு வளையமும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓரளவு ஒரே சீராக வெயிலும் ஈரமும் கிடைக்கும் வெப்பமண்டலக் காடுகளின் மரங்கள் பலவற்றில் கேம்பியம் இருந்தும் தெளிவான வளையம் இல்லை. நின்று நின்று வளர்ந்தால்தானே கோடு விழும்.

ஒரு மரம் வளையத்தைத் தவறவிடலாம்; பருவத்தின் நடுவே வறட்சி வந்து போனால் ஒரே ஆண்டில் இரண்டு வளையம் போலக் காட்டி ஏமாற்றவும் செய்யலாம். இதற்கான மருந்தைக் கண்டுபிடித்தவர் வானியலாளரான ஏ. இ. டக்ளஸ். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களில் பதிந்திருக்குமா என்று தேடி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிசோனாவின் பைன் மரங்களை ஆராயத் தொடங்கியவர், சூரியனைவிடப் பெரிய பயன் தரும் ஒன்றைக் கண்டார். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் அகன்ற, ஒடுங்கிய வளையங்கள் ஒரே வரிசையில் வருகின்றன. இரண்டு அகலம், ஒன்று குறுகல், மூன்று நடுத்தரம், இரண்டு மிகக் குறுகல் என்ற அந்த வரிசை நீளும்போது அது கைரேகையைப் போல ஆகிவிடுகிறது. வேறெந்தக் காலத்திலும் அச்சாக அப்படியே மீண்டும் வருவதில்லை. ஆகவே, இன்று உயிரோடு இருக்கும் மரத்தின் உள்வளையங்களை, அது இளமையாக இருந்தபோது வெட்டப்பட்ட பழைய உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்தலாம். அந்த உத்தரத்தின் உள்வளையங்களை அதைவிடப் பழைய கட்டையோடு பொருத்தலாம். எந்த மரம் எங்கே வளையத்தைத் தவறவிட்டது என்பதை மற்ற மரங்கள் காட்டிக்கொடுத்துவிடும். என் மேசையில் இருக்கும் துண்டுக்குப் பக்கத்தில் இன்னும் பத்து மரங்கள் இருந்திருந்தால் எனக்கும் அந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

டக்ளஸிடம் நிகழ்காலத்தோடு இணைந்த ஒரு வரிசை இருந்தது. அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் பழைய குடியிருப்புகளின் உத்தரங்களிலிருந்து எடுத்த, 585 ஆண்டு நீளமுள்ள மற்றொரு வரிசையும் இருந்தது. இரண்டுக்கும் இடையே இடைவெளி. இரண்டாவது வரிசைக்குள் எந்த உத்தரம் எந்த உத்தரத்துக்கு எத்தனை ஆண்டு மூத்தது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த வரிசை முழுவதும் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று மட்டும் தெரியாது. இப்படிக் கரை தட்டாமல் நிற்பதை மிதக்கும் வரிசை என்பார்கள். 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த, எச்எச்-39 என்று எண்ணிடப்பட்ட கருகிய உத்தரம் ஒன்று இரண்டு வரிசைகளையும் இணைத்தது. மிதந்துகொண்டிருந்த அத்தனை வீடுகளுக்கும் ஒரே இரவில் ஆண்டு கிடைத்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் 1276 முதல் 1299 வரை நீடித்த பெருவறட்சியும் அந்த இணைப்பினால்தான் தனக்குரிய ஆண்டுகளில் போய் அமர்ந்தது. அந்த மக்கள் மேசா வெர்டி முதலான இடங்களை விட்டு வெளியேறியது ஏன் என்ற கேள்வி அதுவரை ஊகமாக இருந்தது. அதற்குப் பிறகு அது ஆண்டுவாரியாக விவாதிக்கக்கூடிய ஒன்றாயிற்று.

இந்த வேலையை ஐரோப்பாவில் ஆற்றுப்படுகைகள் எளிதாக்கின. ரைன், டான்யூப், மெயின் ஆறுகளின் சரளைக் குழிகளில் வெள்ளம் அடித்துப் புதைத்த ஓக் மரங்களும் பைன் மரங்களும், காற்றுப் புகாத ஈரத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் கிடந்தன. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ட் பெக்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல்லாண்டு உழைத்து அவற்றை ஒன்றோடொன்று கோத்தார்கள். இடைவெளியே இல்லாமல், இன்றிலிருந்து ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கி எண்ணிச் செல்லக்கூடிய மத்திய ஐரோப்பிய வரிசை இன்று ஏறத்தாழ 12,300 ஆண்டுகள் வரை எட்டுகிறது. இதை எழுதும்போதே எனக்கு ஒரு கணம் நிற்கத் தோன்றுகிறது. எழுத்து தோன்றுவதற்கு ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கோடையை, அதற்கு அடுத்த கோடையிலிருந்து பிரித்துக் காட்ட முடிகிறது.

அந்த 12,300 என்ற எல்லை ஒரு சங்கடமான இடத்தில் விழுகிறது. கடைசிப் பனியூழி முடிந்து உலகம் வெப்பமாகிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 12,800 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கைச் சுற்றியிருந்த நிலங்கள் திடீரென்று மறுபடியும் கடுங்குளிருக்குத் திரும்பின. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த இந்தக் காலத்துக்கு, குளிர்ப் பிரதேசத்து மலர்ச்செடி ஒன்றின் பெயரால், இளைய டிரையஸ் என்று பெயர். அது முடிந்த விதம் இன்னும் திடுக்கிட வைப்பது. சில பத்தாண்டுகளுக்குள் கிரீன்லாந்தின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தது. அட்லாண்டிக்கில் வடக்கு நோக்கி வெப்பத்தைச் சுமந்து செல்லும் பெருங்கடல் சுழற்சி, உருகிய பனிநீர் வந்து கலந்ததால் தளர்ந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். திடீர்க் காலநிலை மாற்றம் என்றாலே ஆய்வாளர்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது இந்தத் தொடக்கத்தையும் இந்த முடிவையும்தான். தொடக்கமோ தொடர்ச்சியான மரவரிசையின் கைக்கு ஐந்நூறு ஆண்டு தள்ளி இருக்கிறது.

கிரீன்லாந்துப் பனியில் துளையிட்டு எடுத்த நீண்ட தண்டுகளிலும் ஆண்டு அடுக்குகள் உண்டு, அவற்றையும் எண்ணலாம். ஆனால் ஆழம் போகப் போக அடுக்குகள் நசுங்கி மெலிகின்றன. சந்தேகத்துக்கிடமான ஒவ்வோர் அடுக்கும் பிழையைக் கூட்டுகிறது. அக்கணக்கின்படி இளைய டிரையஸின் தொடக்கம் கி.பி. 2000க்கு 12,896 ஆண்டுகளுக்கு முன். எண்ணிக்கைப் பிழை 138 ஆண்டு வரை இருக்கலாம். (இங்கே ஒரு எச்சரிக்கை: பனி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்தும், கார்பன் ஆய்வாளர்கள் 1950ஆம் ஆண்டிலிருந்தும் பின்னோக்கி எண்ணுகிறார்கள். இதைக் கவனிக்காமல் இரண்டு எண்களை அருகருகே வைத்துவிட்டு, ஐம்பது ஆண்டு இடைவெளியைக் கண்டு தடுமாறியவர்களில் நானும் ஒருவன். இனி நான் தரும் எண்கள் 1950ஐ அடிப்படையாகக் கொண்டவை. அப்படிப் பார்த்தால் அந்தத் தொடக்கம் 12,846.)

மறுபுறம், ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் மெயர்ஃபெல்டர் மார் என்ற எரிமலைவாய் ஏரி இருக்கிறது. அதன் அடியில் ஆண்டுக்கு ஒரு மெல்லிய படலமாக வண்டல் படிந்திருக்கிறது. அதை எண்ணியவர்களுக்குக் குளிரின் தொடக்கம் 12,679 என்று கிடைத்தது. கிரீன்லாந்துக்கும் அதற்கும் ஏறத்தாழ 170 ஆண்டு வித்தியாசம். இதிலிருந்து, குளிர் முதலில் கிரீன்லாந்தைத் தாக்கி, மேற்கு ஐரோப்பாவுக்கு வந்து சேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்ற கருத்து பிறந்தது. கடற்பனி மெல்லத் தெற்கே பரவியதும், காற்றோட்டத்தின் பாதை தாமதமாக மாறியதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அருமையாகக் கட்டப்பட்ட விளக்கம்தான் அது. அதன் அடித்தளமோ இரண்டு எண்ணிக்கைகளுக்கு இடையேயான வித்தியாசம் ஒன்றே.

இந்த இடத்தில்தான் மரங்கள் வந்தன. ஐஃபெல் பகுதியிலேயே, இன்று லாகர் சே என்ற அமைதியான ஏரி இருக்குமிடத்தில், அக்காலத்தில் ஓர் எரிமலை மிகப் பெரிய சீற்றத்தோடு வெடித்தது. அதன் சாம்பல் மெயர்ஃபெல்டர் மார் ஏரி உட்பட ஐரோப்பாவின் பல ஏரி வண்டல்களில் ஒரே நாளில் விழுந்த அடையாளக் கோடாகப் படிந்திருக்கிறது. ஏரியின் படலங்களை எண்ணினால், சாம்பல் விழுந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்துத்தான் குளிர் தொடங்குகிறது. ஆகவே சாம்பலின் ஆண்டு உறுதியாகத் தெரிந்தால் குளிரின் ஆண்டும் தெரிந்துவிடும். எரிமலைக்கு அருகே நின்றிருந்த பிர்ச், பாப்லர் மரங்கள் கொதிக்கும் சாம்பலில் புதைந்து, கருகியும் கருகாமலும் அப்படியே கிடந்தன. அவற்றின் கடைசி வளையம் வெடிப்பின் ஆண்டு.

அம்மரங்கள் எந்தத் தொடர் வரிசையோடும் சேராதவை. அவற்றுக்கு ஆண்டு கண்டுபிடிக்க வேண்டுமானால் கதிரியக்கக் கார்பனைத்தான் நாட வேண்டும். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்து, அந்தந்த ஆண்டின் வளையத்தில் பூட்டி வைக்கிறது. அது 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது. ஆனால் காற்றில் இருந்த கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஆகவே ஒரு கட்டையிலிருந்து ஒரே ஒரு துணுக்கை எடுத்து அளந்தால் கிடைக்கும் ஆண்டில் பெரும் தள்ளாட்டம் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரே மரத்தின் வளையங்களை வரிசையாக அளந்தால், காற்றின் ஏற்ற இறக்கங்கள் அப்படியே ஒரு நெளிகோடாக எழும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எத்தனை ஆண்டு இடைவெளி என்பது வளைய எண்ணிக்கையால் உறுதியாகத் தெரியும். அந்த நெளிவை, ஆண்டு தெரிந்த மற்றொரு நெளிவின் மேல் வைத்து, பூட்டில் சாவி பொருந்துவதைப் போல எங்கே பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள்.

அந்தப் பூட்டுக்கு வேண்டிய மரங்கள் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 2013இல் சூரிக் நகரின் பின்ட்ஸ் பகுதியில் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது களிமண்ணுக்குள்ளிருந்து மரக்கட்டைகள் வந்தன. கட்டட வேலைக்காரர்களுக்கு அவை அப்புறப்படுத்த வேண்டிய குப்பை. மரவளைய ஆய்வாளர் ஒருவர் கண்ணில் பட்டதால் அவை தப்பின. ஆராய்ந்து பார்த்தபோது 253 பைன் மரங்கள். எல்லாம் பனியூழியின் கடைசிக் கட்டத்தில், இளைய டிரையஸ் தொடங்குவதற்கு முன்னும் அதை ஒட்டியும் வாழ்ந்தவை. அதே நகரில் முன்பே கிடைத்திருந்த மரங்களோடு சேர்த்து இவை அக்காலத்துக் காற்றின் கார்பன்-14 வரலாற்றைத் தொடர்ச்சியாகத் தந்தன.

எரிமலைச் சாம்பலில் புதைந்த மரங்களை அந்த வரலாற்றோடு பொருத்தியபோது, 2021இல் வெளியான முடிவு: லாகர் சே வெடித்தது 13,006 ஆண்டுகளுக்கு முன், பிழை கூட்டியும் குறைத்தும் 9 ஆண்டுகள் மட்டுமே. முன்பு ஏற்கப்பட்டிருந்த ஆண்டைவிட இது நூறு ஆண்டுக்கு மேல் பழையது. சாம்பல் நகர்ந்தால் ஏரியின் கணக்கு முழுவதும் கூடவே நகர்கிறது. இளைய டிரையஸ் மத்திய ஐரோப்பாவில் தொடங்கிய ஆண்டு 12,679 அல்ல. 12,807, பிழை 12 ஆண்டுகள். கிரீன்லாந்தின் 12,846ஐயும் அதற்குரிய பெரிய பிழை எல்லையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 170 ஆண்டுத் தாமதம் கரைந்துவிடுகிறது. குளிர் ஊர்ந்து வரவில்லை. வட அட்லாண்டிக்கின் இரு கரைகளையும் ஏறத்தாழ ஒன்றாகவே பிடித்தது.

இன்னொரு கருத்தும் இதில் அடிபட்டது. லாகர் சே வெடிப்பே இளைய டிரையஸைத் தூண்டியிருக்கலாம் என்று, பழைய ஆண்டுக்கணக்கில் வெடிப்பும் கிரீன்லாந்தின் குளிரும் நெருங்கி நின்றதை வைத்து ஒரு வாதம் இருந்தது. எரிமலைக் கந்தகம் சூரிய ஒளியை மறைப்பது ஓரிரு ஆண்டுகள்தான். 200 ஆண்டு கழித்து வந்த குளிருக்கு அதைப் பொறுப்பாக்குவது கடினம். எதிர்ப்பும் எழுந்தது, அதுவும் நியாயமான எதிர்ப்பு: எரிமலைக்குப் பக்கத்தில் வளர்ந்த மரங்கள் நிலத்திலிருந்து கசிந்த கரியமில வாயுவையும் உட்கொண்டிருந்தால், அதில் கார்பன்-14 அறவே இல்லாததால், மரம் தன் வயதைக் கூட்டிக் காட்டும் அல்லவா? இந்தச் சந்தேகத்தை மரங்களால் மட்டும் தீர்க்க முடியாது. பிற்பாடு ஜெர்மனியின் ஹெர்ப்ஸ்ட்லாபிரிந்த் குகையில், கார்பனோடு தொடர்பில்லாத யுரேனியம்-தோரியம் முறையில் காலம் கணித்த ஒரு கசிதுளிப் படிவத்தில் அந்த வெடிப்பின் கந்தகச் சுவடு கிடைத்தது. 2025இல் வெளியான அந்த ஆய்வு தந்த ஆண்டு 13,008. இரண்டு ஆண்டு வித்தியாசம்! ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் இப்படிச் சொல்லும்போது நான் மனம் சாய்வதைத் தடுக்க முடியவில்லை.

மரத்துக்கும் பனிக்கும் இடையே நடந்த இன்னொரு வழக்கு இதைவிடச் சமீபத்தியது. அதில் வரலாற்று நூல்களும் சாட்சி. கி.பி. 536இல் சூரியன் ஆண்டு முழுவதும் நிலவைப் போல மங்கிக் கிடந்ததாகப் பைசாந்திய வரலாற்றாசிரியர் பிரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். அயர்லாந்தின் ஓக் மரங்களை ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கோத்த பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர் மைக் பெய்லி, அந்த ஆண்டிலும், மீண்டும் 540களின் தொடக்கத்திலும் வளையங்கள் ஒடுங்கியிருப்பதைக் கண்டார். எரிமலைதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கிரீன்லாந்துப் பனியின் அன்றைய கணக்கில் எரிமலை அமிலக் கோடுகள் அந்த ஆண்டுகளில் விழவில்லை. சில ஆண்டுகள் முன்னதாகவே இருந்தன. மரம் சரியா, பனி சரியா? பெய்லி 2008இல் துணிந்து எழுதினார்: ஏழாம் நூற்றாண்டுக்கு முந்தைய பனிக் கணக்கை ஏழு ஆண்டுகள் நகர்த்த வேண்டும்.

இந்த வழக்கைத் தீர்த்த ஆணி ஜப்பானிலிருந்து வந்தது. நகோயா பல்கலைக்கழகத்தின் ஃபூசா மியாகே, யாகுஷிமா தீவின் தேவதாரு வகை மரங்களில் வளையம் வளையமாகக் கார்பன்-14ஐ அளந்து, கி.பி. 774க்கும் 775க்கும் இடையே அது ஒரே தாவலில் 1.2 சதவீதம் உயர்ந்திருப்பதை 2012இல் அறிவித்தார். விண்ணிலிருந்து வந்த ஆற்றல்மிக்க துகள்களின் பெருவெள்ளம், அனேகமாகச் சூரியனின் பெருஞ்சீற்றம், காற்று மண்டலத்தில் கார்பன்-14ஐ உண்டாக்கியிருக்கிறது. பிறகு ஐந்து கண்டங்களின் 44 இடத்து மரங்களைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் அதே ஆண்டில் அந்தத் தாவல் இருந்தது. ஓரிடத்தில்கூட வளையக் கணக்கு ஓராண்டு பிசகவில்லை. அதே துகள்கள் பெரிலியம்-10ஐயும் உண்டாக்கின. அது பனியோடு சேர்ந்து துருவங்களில் விழுந்தது. ஆக, மரத்திலும் பனியிலும் ஒரே கணத்தில் அடிக்கப்பட்ட ஆணி கிடைத்துவிட்டது. பனித்தண்டில் அந்தப் பெரிலியம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தேடியபோது அது 775இல் இல்லை. 768ஐ ஒட்டி இருந்தது. பெய்லி சொன்ன அதே ஏழு ஆண்டுகள். 2015இல் கணக்கைத் திருத்தியதும் எரிமலைக் கோடுகள் 536இலும் 540இலும் போய் நின்றன. அதன் பிறகுதான், அல்தாய் மலையின் லார்ச் மரங்களையும் ஆல்ப்ஸ் மரங்களையும் கொண்டு, 536, 540, 547 ஆகிய ஆண்டுகளின் அடுத்தடுத்த வெடிப்புகளோடு தொடங்கி 660 வரை நீண்ட குளிர்க்காலம் ஒன்றை ஐயமின்றிப் பேச முடிந்தது.

ஏழு ஆண்டு ஒரு பெரிய பிழையா என்று கேட்கலாம். பத்தாயிரம் ஆண்டு வரலாற்றில் அது தூசிதான். ஆனால் எரிமலைக் குளிர் இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்து போவது. ஏழு ஆண்டு பிசகினால் எரிமலைக்கும் குளிருக்கும் தொடர்பே இல்லை என்று கணக்கு சொல்லிவிடும். சில காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தது.

ஆண்டு பொருந்திவிட்டாலே காரணம் கிடைத்துவிட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. கலிஃபோர்னியாவின் வெள்ளை மலைகளில், கடல் மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல், நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் பிரிஸ்டில்கோன் பைன்கள் நிற்கின்றன. அவற்றின் வளையங்களில் சில இடங்களில் உறைபனி வளையம் என்ற ஒன்றைக் காணலாம். நுண்ணோக்கியில் பார்த்தால், தேன்கூடு போல ஒழுங்காக நிற்கும் செல் வரிசைகள் திடீரென்று நசுங்கி, வளைந்து, பக்கத்துக்குப் பக்கம் சரிந்து கிடக்கும். அதற்கு வெளியே மீண்டும் ஒழுங்கு திரும்பும். இன்னும் சுவர் தடிக்காத இளஞ்செல்கள் வளரும் பருவத்தின் நடுவே ஓர் இரவு உறைந்து உடைந்ததன் வடு அது. கி.மு. 1627இல் அப்படி ஒரு வடு இருக்கிறது. அயர்லாந்து ஓக் மரங்களும் அதே சமயம் ஒடுங்கத் தொடங்குகின்றன. ஏஜியன் கடலின் தேரா தீவை வெடித்துச் சிதறச் செய்த எரிமலையின் ஆண்டு இதுவே என்று 1980களில் முன்மொழியப்பட்டு, நெடுங்காலம் பலர் அதை நம்பினார்கள். ஆனால் கிரீன்லாந்துப் பனியில் கி.மு. 1628க்குரிய அடுக்கிலிருந்த கண்ணாடித் துகள்களின் வேதியியலை ஆராய்ந்தபோது, அவை அலாஸ்காவின் அனியாக்சாக் எரிமலையைச் சேர்ந்தவை என்று 2022இல் தெரிந்தது. மரம் ஆண்டைச் சரியாகத்தான் சொன்னது. எரிமலையின் பெயரை அதனிடம் கேட்டது நம் தவறு.

தென் அரைக்கோளத்தில் இதே வேலைக்கு உதவுவது நியூசிலாந்தின் கவுரி மரம். அந்நாட்டின் வடமுனைச் சதுப்புகளில், பல ஆயிரம் ஆண்டுகளாகப் புதைந்தும் வைரம் கெடாத கவுரிகள் கிடக்கின்றன. டொவாய் என்ற இடத்தில் கிடைத்தவை இளைய டிரையஸ் காலத்தை முழுவதும் தழுவி நிற்கின்றன. 2019இல் ஙாஃபாவில் மின்நிலையத்துக்காகத் தோண்டியபோது வெளிவந்த ஒரு மரம் ஏறத்தாழ 42,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் காந்தப் புலம் நலிந்து புரண்டிருந்த காலத்தில், சுமார் 1,700 ஆண்டுகள் வாழ்ந்தது. அந்தக் காந்தப் புரட்டு உலகக் காலநிலையையே உலுக்கியது என்று சிலர் வாதிடுகிறார்கள். அதை ஏற்காதவர்களும் பலர், நானும் அந்த வாதத்தில் இன்னும் நிறைவு காணவில்லை. ஆனால் அக்காலத்துக் காற்றின் கார்பன்-14ஐ அம்மரம் பதிந்து வைத்திருப்பதன் மதிப்பு அந்த விவாதத்தைச் சார்ந்ததல்ல. வடக்கிலும் தெற்கிலும் ஒரே நெளிவைக் காண முடிந்தால், வடக்கே குளிர்ந்தபோது தெற்கே என்ன நடந்தது என்பதை நூற்றாண்டுக் கணக்கில் அல்லாமல் பத்தாண்டுக் கணக்கில் கேட்க முடியும்.

மரத்தால் முடியாததும் உண்டு. இளமரத்தின் வளையம் அகலம், முதிர்ந்த மரத்தின் வளையம் குறுகல்; இது வயதின் இயல்பு. காலநிலையைக் காண வேண்டுமானால் இந்த இயல்பைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்கும்போது, மரத்தின் ஆயுளைவிட மெதுவாக நடக்கும் மாற்றங்களும் சேர்ந்து கழிந்துபோகின்றன. இருநூறு ஆண்டு வாழும் ஓக் மரத்திடம் ஆயிரம் ஆண்டுப் போக்கைக் கேட்பது வீண். ஓராண்டில், ஐந்தாண்டில், ஒரு தலைமுறையில் நேர்ந்த அதிர்ச்சியைக் கேட்டால் அதைப் போல் சொல்லத் தெரிந்த சாட்சி வேறில்லை.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சின் தென் ஆல்ப்ஸ் பகுதியில் ட்ரூசே என்ற சிற்றாறு கரையை அரித்ததால் வெளிப்பட்ட பைன் கட்டைகளில், ஏறத்தாழ 14,300 ஆண்டுகளுக்கு முந்தைய, மியாகே கண்டதைவிடப் பெரிய கார்பன்-14 தாவல் கண்டறியப்பட்டது. பனியூழி முடியும் காலத்தின் மரக் கணக்கையும் பனிக் கணக்கையும் இனி ஓராண்டுத் துல்லியத்தில் பிணைக்க அது ஆணியாகலாம். அந்தக் கட்டைகளைப் புகைப்படத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்று நிறம், பாதி கரையில் புதைந்தும் பாதி காற்றில் நீட்டியும் நிற்கின்றன. ஈரத்தில் பல்லாயிரம் ஆண்டு கெடாத மரம், வெளியே வந்துவிட்டால் வெயிலில் காய்ந்து சீக்கிரமே வெடித்துவிடும். பட்டையோடு ஒட்டிய கடைசி வளையங்கள்தான் முதலில் உதிரும். ஆகவே கண்டெடுத்தவர்கள் முதல் வேலையாக வட்டுகளை அறுத்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றுகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் அதே ஆறு எத்தனை கட்டைகளை இழுத்துச் சென்றிருக்குமோ, சூரிக்கைப் போன்ற எத்தனை அடித்தளக் குழிகளிலிருந்து லாரி லாரியாக ஏற்றிக் கொட்டப்பட்டிருக்குமோ என்ற நினைப்பு என்னை விட்டு அகல்வதில்லை. 12,300க்கு அப்பால் இருக்கும் இடைவெளியை மூட, சரியான நூற்றாண்டில் வாழ்ந்த சில மரங்கள் போதும்.